எம்.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகுதா? பெரிய சைஸ் போட்டா ஆபத்து!

சென்னை: வெயில் ஏற ஏற வீட்டுக்கு வீடு ஏசி ஓட ஆரம்பித்து விடுகிறது. கூடவே இன்னொரு தொல்லையும் ஆரம்பிக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு 'டக்' என்று ஒரு சத்தம். ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் மொத்தமாக ஆஃப். எழுந்து போய் பார்த்தால் எம்.சி.பி. கீழே இறங்கி கிடக்கும். தூக்கி விட்டால் அரை மணி நேரம் ஓடும். மறுபடி 'டக்'.

ரெண்டு நாள் பொறுப்பார்கள். மூணாம் நாள் எலக்ட்ரீசியனுக்கு போன் போகும். "அண்ணே, சும்மா சும்மா டிரிப் ஆகுது. கொஞ்சம் பெரிய சைஸா ஒண்ணு மாட்டி விட்டுடுங்க."

அவரும் வருவார். 16 ஆம்ப்ஸ் இருந்த இடத்தில் 32 ஆம்ப்ஸ் மாட்டுவார். பத்து நிமிஷ வேலை, சில நூறு ரூபாய் செலவு. அதுக்கப்புறம் டிரிப்பே ஆகாது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் ஆபத்து ஆரம்பிப்பது அந்த நிமிஷத்தில் இருந்துதான்.

எம்.சி.பி. எதுக்கு காவல்?

எம்.சி.பி. இருப்பது ஏசியை காப்பாத்த, ஃபிரிட்ஜை காப்பாத்த என்றுதான் பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது காவல் காப்பது சுவருக்குள் பைப்பில் ஓடும் வயரை.

எந்த வயராக இருந்தாலும் கரண்ட் போகும்போது கொஞ்சம் சூடாகும். எவ்வளவு கரண்ட் வரை அந்த சூட்டை தாங்கும் என்று ஒரு அளவு இருக்கிறது. வீடுகளில் போடும் சாதாரண பி.வி.சி. வயர், உள்ளே இருக்கும் தாமிரம் 70 டிகிரி சூடு வரை தாங்கும்படி செய்யப்பட்டது. அதைத் தாண்டி தினமும் சூடானால் மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை முதலில் காய்ந்து விறைத்துப் போகும். அப்புறம் வெடிப்பு விடும். கடைசியில் உருகும். பேஸ் வயரும் நியூட்ரல் வயரும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன? உறை போனால் இரண்டும் ஒட்டும். பொறி பறக்கும். பக்கத்தில் மர கப்போர்டோ, தெர்மோகோல் சீலிங்கோ, திரைச்சீலையோ இருந்தால் பிடித்துக் கொள்ளும்.

இது ஒரே நாளில் நடப்பதில்லை. இரண்டு மூன்று கோடைகாலம் கூட ஓடலாம். அதனால்தான், "பெரிய எம்.சி.பி. போட்டு ரெண்டு வருஷமாச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று தைரியமாக சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வயர் சுவருக்குள் இருப்பதால் அது கருகிக் கொண்டிருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

வயர் தாங்க முடியாத அளவுக்கு கரண்ட் போகும்போது, வயர் கெடுவதற்கு முன்னால் தானாக ஆஃப் ஆவதுதான் எம்.சி.பி.யின் வேலை. 16-ஐ எடுத்து விட்டு 32 போடும்போது சுவருக்குள் இருக்கும் வயர் மாறுவதில்லை. அதே பழைய வயர்தான். காவல்காரன் மட்டும் தூங்குகிறான்.

24 ஆம்ப்ஸ் கணக்கு

கணக்கு ரொம்ப சுலபம். எந்த சாமானாக இருந்தாலும் அதில் போட்டிருக்கும் வாட் அளவை 230-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கும் என்று தோராயமாக தெரிந்து விடும். 2,000 வாட் கெய்சர் என்றால் 9 ஆம்ப்ஸ் கிட்டே. 3,000 வாட் கெய்சர் 13 ஆம்ப்ஸ். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் நாலரை ஆம்ப்ஸ். ஃபேன், லைட், டிவி எல்லாம் இவைகளுக்கு முன்னால் கொசு மாதிரி.

பழைய வீடுகளில் பல இடங்களில் மொத்த வீட்டுக்கும் ஒரே ஒரு பவர் லைன்தான். அதில் 1,700 வாட் இழுக்கும் ஒன்றரை டன் ஏசி, 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1,000 வாட் அயர்ன் பாக்ஸ், 700 வாட் ரைஸ் குக்கர், ஒரு ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மொத்தம் 5,500 வாட் ஆகிறது. அதாவது 24 ஆம்ப்ஸ்.

அந்த லைனில் இருப்பது 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் என்றால், பைப்புக்குள் போகும்போது அது தாங்குவது 18-ல் இருந்து 22 ஆம்ப்ஸ் வரைதான். கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும். 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. இருந்தால் இந்த 24 ஆம்ப்ஸ் லோடை ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் கட் பண்ணி விடும். வயர் பிழைத்தது.

32 ஆம்ப்ஸ் எம்.சி.பி.க்கு 24 ஆம்ப்ஸ் ஒரு பொருட்டே இல்லை. விடிய விடிய விட்டுக் கொண்டே இருக்கும். அதோடு முடியவில்லை. எம்.சி.பி. மேல் 32 என்று போட்டிருந்தால் 32-ஐ தாண்டிய உடனே விழுந்து விடும் என்று அர்த்தம் கிடையாது. தரக்கட்டுப்பாட்டு விதிப்படி, போட்டிருக்கும் அளவை விட 13 சதவீதம் கூடுதலாக போனால்கூட ஒரு மணி நேரத்துக்கு விழக்கூடாது. 45 சதவீதம் கூடுதலானால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். அப்படி பார்த்தால் 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி. 36 ஆம்ப்ஸை ஒரு மணி நேரம் தாராளமாக விடும். 18 ஆம்ப்ஸ் தாங்கும் வயரில் 36 போனால் சூடு இரண்டு மடங்கு என்று நினைத்தால் தப்பு. நாலு மடங்கு! கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நாலு மடங்காகும் என்பது பள்ளிக்கூட பாடத்திலேயே இருக்கிறது.

எந்த வயருக்கு எது?

எலக்ட்ரீசியன்கள் வழக்கமாக பின்பற்றும் கணக்கு இது. லைட், ஃபேன் பாயிண்டுக்கு போகும் 1 ஸ்கொயர் எம்எம் வயருக்கு 6 ஆம்ப்ஸ். ஒன்றரை எம்எம் வயருக்கு 10 ஆம்ப்ஸ். பவர் பிளக், கெய்சர், ஒரு ஏசி இதற்கெல்லாம் போகும் 2.5 எம்எம் வயருக்கு 16 ஆம்ப்ஸ். 4 எம்எம் வயருக்கு 20 ஆம்ப்ஸ், நல்ல வயராக தனி பைப்பில் போனால் 25. மெயினில் இருந்து வரும் 6 எம்எம் வயருக்கு 25 ஆம்ப்ஸ். வயர் பெட்டியில் போட்டிருக்கும் அளவு 32-க்கு மேல் இருந்தால் மட்டும் 32.

கடையில் வயர் வாங்கும்போது பெட்டியிலேயே எத்தனை ஆம்ப்ஸ் தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். எம்.சி.பி.யில் உள்ள நம்பர் எப்பவுமே அதை விட சின்னதாக இருக்க வேண்டும். லோடு எல்லாத்தையும் விட சின்னது, அதை விட கொஞ்சம் பெருசு எம்.சி.பி., அதை விட பெருசு வயர். இந்த வரிசை மாறக்கூடாது.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. மெயினில் இருந்து 4 எம்எம் வயர் கொண்டு வந்திருப்பார்கள். நடுவில் ஒரு ரூமுக்கு ஒன்றரை எம்எம்மில் கிளை பிரித்து பவர் பிளக் கொடுத்திருப்பார்கள். "நாலு எம்எம் தானே, 25 போடலாம்" என்று போட்டால் அந்த ஒன்றரை எம்எம் கிளை செத்தது. ஒரு எம்.சி.பி.க்கு பின்னால் இருப்பதிலேயே மெல்லிய வயர் எதுவோ, அதைப் பார்த்துத்தான் சைஸ் போட வேண்டும்.

மேல்மாடி வீடுகளில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மொட்டை மாடி கான்கிரீட்டுக்குள் போகும் பைப் மே மாச வெயிலில் பகல் முழுக்க வெந்து கிடக்கும். ஒரே பைப்பில் ஏழெட்டு வயரை திணித்திருந்தால் சூடு வெளியேற வழியே இல்லை. அங்கே வயர் தாங்கும் அளவு பெட்டியில் போட்டிருப்பதை விட குறைந்து விடும்.

'மூணு இருபது, ஏழு இருபது'

பழைய வீட்டில் என்ன வயர் இருக்கிறது என்று யாரைக் கேட்பது? வயதான வயர்மேன்களை கேட்டால் "மூணு இருபது போட்டிருக்கு", "ஏழு இருபது இழுத்திருக்கு" என்பார்கள். முதல் நம்பர் உள்ளே எத்தனை கம்பி என்பது. இரண்டாவது ஒவ்வொரு கம்பியின் கேஜ். கேஜ் நம்பர் கூடினால் கம்பி மெலிசு. 7/20 என்றால் ஏழு கம்பி சேர்ந்து சுமார் நாலரை ஸ்கொயர் எம்எம். 3/20 என்றால் சுமார் 2 ஸ்கொயர் எம்எம்தான். அதை 2.5 என்று நினைத்துக்கொண்டு லோடு ஏற்றுகிறவர்கள் நிறைய.

ரொம்ப பழைய வீடுகளில் அலுமினிய வயரும் இருக்கும். அதே சைஸ் தாமிர வயர் தாங்குவதை விட அலுமினியம் குறைவாகத்தான் தாங்கும். ஜாயிண்ட்டுகளில் சீக்கிரம் லூஸ் ஆவதும் அதுதான். அந்த மாதிரி வீட்டில் ஏசி மாட்டுவதற்கு முன்னால் புது வயர் இழுப்பதை தவிர வேறு வழி கிடையாது.

விலை குறைச்சலாக கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத வயரை வாங்குகிறவர்களும் உண்டு. மேலே 2.5 என்று போட்டிருக்கும், உறையை சீவிப் பார்த்தால் உள்ளே கம்பி மெலிந்து கிடக்கும். வயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 'ஐ.எஸ். 694' என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எம்.சி.பி.க்கு 60898 என்ற எண்.

அப்போ எதுக்கு டிரிப் ஆகுது?

சைஸை மாற்றுவதற்கு முன்னால் ஏன் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அது விழுகிற விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்து விடும்.

தூக்கி விட்ட அந்த நொடியே விழுந்தால் அது ஷார்ட். எங்கேயோ பேஸும் நியூட்ரலும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. எல்லா பிளக்கையும் பிடுங்கி விட்டு ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாம். அப்போது நின்றால் பிடுங்கிய சாமான் ஏதோ ஒன்றில் கோளாறு. அப்பவும் விழுந்தால் சுவருக்குள் உள்ள வயரில்தான் பிரச்னை. திரும்பத் திரும்ப தூக்கி விட்டுக் கொண்டே இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அந்த ஷார்ட் ஆன இடத்தில் பொறி அடிக்கிறது. சிலர் லீவர் கீழே இறங்காமல் இருக்க டேப் சுற்றுவார்கள், கயிறு கட்டுவார்கள். லீவரை பிடித்துக் கொண்டாலும் நல்ல எம்.சி.பி. உள்ளே கட் ஆகி விடும். அப்படித்தான் தயாரிக்கிறார்கள்.

இருபது நிமிஷம், அரை மணி நேரம் ஓடி விட்டு விழுந்தால் ஓவர் லோடு. மேலே சொன்ன 24 ஆம்ப்ஸ் கதைதான். அயர்ன் பாக்ஸும் இண்டக்‌ஷனும் ஓடும் நேரத்தில் மட்டும் விழுகிறதா என்று இரண்டு நாள் கவனித்தாலே பிடிபட்டு விடும்.

ஏசியோ தண்ணி மோட்டாரோ ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் விழுந்தால் விஷயம் வேறு. மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும்போது இழுப்பதை விட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். எம்.சி.பி.யில் 'பி' டைப், 'சி' டைப் என்று உண்டு. மேலேயே பி16, சி16 என்று போட்டிருக்கும். பி டைப் மூன்றில் இருந்து ஐந்து மடங்கு போனாலே உடனே கட் ஆகி விடும். சி டைப் ஐந்தில் இருந்து பத்து மடங்கு போனால்தான் உடனடியாக கட் ஆகும். ஏசி, மோட்டார் லைனில் பி16 இருந்தால் அதை சி16 ஆக மாற்றலாம். ஆம்ப்ஸ் மாறவில்லை, அதனால் வயருக்கு உள்ள காவலும் அப்படியே இருக்கும். நிறைய வீடுகளில் 32-க்கு தாவாமல் இதிலேயே பிரச்னை தீர்ந்து விடும்.

லோ வோல்டேஜ் நேரத்தில் ஸ்டெபிலைசர் போட்ட ஏசி வழக்கத்தை விட கூடுதல் கரண்ட் இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. தெருவே இப்படி இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு புகார் சொல்லலாம்.

இன்னொன்று சூடு. எம்.சி.பி.க்கள் 30 டிகிரி வெப்பத்தை வைத்து அளவு செய்யப்பட்டவை. வெயில் அடிக்கும் சுவரில் இருக்கும் டி.பி. பாக்ஸுக்குள் நெருக்கி நெருக்கி மாட்டியிருந்தால் கொஞ்சம் முன்னாடியே விழும். அது கோளாறு இல்லை. ஆனால் லோடு எல்லைக்கு பக்கத்தில் வந்து விட்டது என்பதற்கு அது அடையாளம்.

எம்.சி.பி.க்கு தெரியாத நெருப்பு

சரியான சைஸ் போட்டு விட்டாலும் எம்.சி.பி.யால் கண்டுபிடிக்க முடியாத ஒன்று உண்டு. லூஸ் கனெக்‌ஷன். ஸ்குரூ சரியாக முறுக்கவில்லை, பிளக் பாயிண்டில் பின் ஆடுகிறது, இரண்டு வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள் என்றால் அந்த ஒரு இடம் மட்டும் கொதிக்கும். மொத்த கரண்ட் கூடாததால் எம்.சி.பி. பேசாமல் இருக்கும். ஏசி பிளக் கருகிப் போவதற்கு பெரும்பாலும் காரணம் இதுதான். பிளக்கை கழற்றும்போது சூடாக இருந்தாலோ, பின் கறுத்திருந்தாலோ, மீன் வாடை மாதிரியோ கருகல் வாடையோ வந்தாலோ உடனே அந்த லைனை ஆஃப் பண்ண வேண்டும்.

இதில் வில்லன் நம்பர் ஒன், பெரிய பின்னை சின்ன பிளக்கில் மாட்டும் கன்வர்ட்டர். கெய்சரின் தடித்த பிளக்கை 6 ஆம்ப்ஸ் பாயிண்டில் செருகுவதற்காகவே விற்கிறார்கள். பிளக்கை ஏன் இரண்டு சைஸில் செய்தார்கள்? தப்பான பாயிண்டில் மாட்ட முடியாமல் இருக்கத்தான். அந்த பாதுகாப்பை கொஞ்சம் காசு கொடுத்து நாமே கழற்றி வீசுகிறோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படித்தான். அதன் வயர் எவ்வளவு மெலிசு என்று பார்த்தாலே போதும், ஏசி மாட்டத் தோன்றாது.

யார் செலவு?

எல்லாம் சரி, சிக்கல் பணத்தில் வந்து நிற்கிறது. எம்.சி.பி. மாற்ற சில நூறு. மெயினில் இருந்து ஏசிக்கு தனியாக 4 எம்எம் வயர் இழுத்து, தனி எம்.சி.பி. போட்டு, சுவரோரம் கேசிங் அடிக்க சில ஆயிரங்கள் ஆகும். வாடகை வீட்டில் இருப்பவர், "நாளைக்கு காலி பண்ணப் போறவன், நான் எதுக்கு செலவு பண்ணணும்" என்பார். ஹவுஸ் ஓனர், "நான் வாடகைக்கு விட்டப்போ ஏசியே இல்லையே" என்பார். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நடுவில் 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி. ஏறி உட்கார்ந்து விடுகிறது.

பீஸ் கட்டை காலத்திலும் இதே கதைதான். அடிக்கடி பீஸ் போகிறதென்று பீஸ் கம்பிக்கு பதிலாக கையில் கிடைத்த தடி கம்பியை சுற்றி விடுவார்கள். அன்றைக்கு கம்பி, இன்றைக்கு 32.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே "ஏசிக்கு தனி லைன் இருக்கா, என்ன வயர்" என்று கேட்டு விடுவது நல்லது. பாதி செலவை ஓனர் ஏற்க, மீதியை குடியிருப்பவர் போட்டு, அதை வாடகையில் கழிப்பது என்று பேசி முடிப்பவர்களும் இருக்கிறார்கள். சுவரோரம் போகும் கேசிங் வயர் என்றால் வீடு மாறும்போது கழற்றியும் எடுத்துப் போகலாம். செலவுக்கு வழியே இல்லை என்றால், ஏசி ஓடும்போது இண்டக்‌ஷனையும் அயர்ன் பாக்ஸையும் தொடாமல் இருப்பதுதான் இப்போதைக்கு வழி. அதற்கு காசு செலவில்லை.

வேலையை லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும். வீட்டு லோடு கூடினால் மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுத்து கூட்டிக் கொள்ள வேண்டும். மீட்டர் பக்கம் உள்ள சீலை யாரும் தொடக் கூடாது.

ஷாக் அடிச்சா?

கடைசியாக ஒரு முக்கிய விஷயம். எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் காப்பாத்தி விடும் என்று நம்பி இருக்கக் கூடாது. ஒரு ஆளை கொல்ல ஆம்ப்ஸ் கணக்கில் கரண்ட் தேவையில்லை, அதில் நூறில் பல பங்கு குறைவாக இருந்தாலே போதும். 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அதற்கு ஆர்.சி.சி.பி. என்று தனியாக இருக்கிறது. வீட்டுக்கு 30 மில்லி ஆம்ப்ஸ் அளவு வாங்க வேண்டும். அதில் 'டி' என்று ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கியதும் விழுந்தால் நல்லா இருக்கிறது. விழவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும்.

ஸ்விட்ச் போர்டில் புகையோ நெருப்போ வந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கை எட்டும் இடத்தில், பாதுகாப்பாக இருந்தால் மெயினை ஆஃப் பண்ண வேண்டும். இல்லையென்றால் வீட்டில் உள்ளவர்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்து விட்டு, தீயணைப்புக்கு 101 அல்லது 112-க்கு போன் பண்ண வேண்டும்.